கோதுமை ஆகாதவளின் கட்டுச்சோறு

எனக்குக் கோதுமை ஆகாது என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு நாற்பத்தொரு வயது. மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், மருந்து கிடையாது, தொடாமல் இருப்பதுதான் மருந்து என்றார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இனி வாழ்நாளில் பரோட்டா கிடையாது என்று சாத்தூர் வரை நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் தூங்கிவிட்டேன்.

கோவில்பட்டியில் அடுத்த தெருவில்தான் அண்ணன் வீடு. அண்ணன் மனைவி, என் மதினி, இதை ஒரு வியாதியாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

"சுகர் உள்ளவியளே சப்பாத்திதான திங்குதாவ. சப்பாத்தி தின்னு வருத வியாதிய நான் கேட்டதே இல்ல ஏட்டி."

அந்தத் தை மாதம் மதினி திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பினாள். மூன்று வருஷம் நடந்து வருவதாக வேண்டுதல். நான் துணைக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை, நடப்பது பிடிக்கும். கரிசல் காட்டு நடுவே நீண்டு கிடக்கிற சாலையில், எதுவும் யோசிக்காமல், வெயில் ஏற ஏற ஒரு அரைத்தூக்கத்தில் நடந்துகொண்டே இருப்பது.

வழியெல்லாம் பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். ரவா உப்புமா, கேசரி, பிஸ்கட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன். எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பந்தலில் எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். யோசித்தேன். "அரிசிதான ஏட்டி. சாமி சோறு ஒண்ணும் செய்யாது, தின்னு" என்று மதினி என் கையில் இலையைத் திணித்தாள். தின்றேன். சாயங்காலத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் சுருண்டுவிட்டேன். என்னை பஸ் ஏற்றிவிட்டு மதினி நடையைத் தொடர்ந்தாள். இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தேன். அவள் ஊர் திரும்பி வந்து பார்த்தபோது அந்த எலுமிச்சை சாதத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அடுப்படியில் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். பெருங்காய டப்பாவின் பின்பக்கம், எறும்பு எழுத்தில், சேர்மானங்களில் இரண்டாவதாகக் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. அந்த எலுமிச்சை சாதத்தின் தாளிப்பிலும் இப்படி ஒரு சிட்டிகை விழுந்திருக்கும். மதினி வந்தபோது அந்த வரியைக் காட்டினேன்; படித்துவிட்டு டப்பாவைத் திருப்பி வைத்தாள்.

அடுத்த வருஷம் மார்கழி பிறந்ததும் கட்டுச்சோற்று யோசனை வந்துவிட்டது. மூன்று நாள் நடை. கெட்டுப்போகக் கூடாது, கனக்கக் கூடாது, நடந்துகொண்டே தின்ன வேண்டும். கம்புதான் சரி என்று பட்டது. ஆனால் மாவு மில்லில் எல்லாரும் கோதுமை அரைப்பார்கள், அந்த மாவு மிஷினுக்குள் ஒட்டியிருக்குமே என்று பயம். மில்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, நாளைக்குக் காலையில மொத ஆளா நான் வாரேன். எனக்கு முன்னால கோதும அரைக்காதீங்க."

"கோதும மேல என்னம்மா கோவம்?"

சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். மறுநாள் நான் போனபோது மிஷினைத் திறந்து, பிரஷ்ஷால் கூட்டி, இரண்டு படி பச்சரிசியை ஓடவிட்டு அந்த மாவைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "இது எங்க ஆட்டுக்கு. இப்பப் போடுங்க ஒங்க கம்ப" என்றார்.

வறுத்து அரைத்த கம்பு மாவு, இடித்த நிலக்கடலை, சுக்கு, கருப்பட்டிப் பாகு. முதல் தடவை உருண்டை பிடித்தது கையிலேயே உதிர்ந்தது. இரண்டாவது தடவை பாகு முற்றி, பல்லுக்கு அடங்கவில்லை. மூன்றாவது தடவை தட்டில் நெய் தடவி, பரப்பி, சூட்டோடு வில்லை போட்டேன். விரல் தடிமனில் நின்றது. வெயிலில் வைத்துப் பார்த்தேன், இளகவில்லை. கூடவே மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்த பனங்கிழங்கு ஒரு கட்டு. எல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் அடங்கியது. மதினி வந்து பார்த்தாள், ஒரு வில்லையை எடுத்துத் தின்றாள், டப்பாவை மூடி வைத்தாள்.

பச்சைச் சேலை கட்டி விடியக் கிளம்பினோம். முப்பது பேர் இருப்போம். துணிப் பைகளை ஒரு லோடு ஆட்டோ முன்னால் கொண்டுபோய்த் தங்குகிற இடத்தில் போட்டுவிடும். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. பசித்தபோது ஒரு வில்லை, அலுத்தபோது ஒரு கிழங்கு. கொத்தமல்லிக் காடுகள் பூத்து வெள்ளையாகக் கிடந்தன. காற்றடித்தால் மொத்தச் சாலையும் மணந்தது. தூரத்தில் காற்றாலைகள் அவசரமே இல்லாமல் சுற்றின. பாதம் வலிப்பது யாருக்கோ வலிப்பது போல இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். பசித்தது. தோள்பையைத் திறந்தேன். டப்பா இல்லை.

மதினி என் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்குத் தோளு வலிக்குமேன்னு நாந்தான் வண்டியில ஏத்திவிட்டேன். ரெண்டு வில்லைய எடுத்து ஓம் பையில வைக்கணும்னு நெனச்சேன். மறந்துட்டேன் ஏட்டி."

வண்டிக்காரருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். "விடுங்க மதினி, சாயங்காலம் பாத்துக்கிடலாம்" என்றேன். கோபம் வரவில்லை. பசி ஒரு கட்டத்துக்கு மேல் என்னை லேசாக்கிவிட்டது. சாலையின் கானல் நீரில் எதிரே வருகிற லாரிகள் மிதந்து வந்தன. நான் நடக்கிறேனா, சாலை என்னைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. மதினி மட்டும் பக்கத்திலேயே, என் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள்.

உச்சி வெயிலில் ஒரு பந்தல். பெரிய அண்டாவில் சாம்பார் சாதம். பரிமாறிய அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நான் தண்ணீர் மட்டும் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"சாமிக்கு நடந்து வாரவ சோத்த வேண்டாங்கலாமா தாயி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முன்னால் போய் நின்றாள்.

"அவளுக்கு ஆகாதுக்கா. சாம்பார்ல பெருங்காயம் கெடக்குல்லா, அதுல கோதும மாவு சேத்திருப்பாவ. அந்தத் துளியே ஆகாது. போன வருசம் நாந்தான் கட்டாயப்படுத்தித் திங்க வச்சேன். ரோட்டுல சுருண்டு விழுந்தா. இன்னைக்கு அவ டப்பாவையும் வண்டியில போட்டுவிட்டுட்டு நிக்கேன்." இந்த ஒரு வருஷமாக அவள் இதை மனசுக்குள் வைத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மாள் கரண்டியை இன்னொருவர் கையில் கொடுத்தார். "பச்சக் கடல திம்பியா? அதுல யாரும் ஒண்ணும் சேக்கல" என்றார். பந்தலுக்குப் பின்னால் அவருடைய காடு. கறுத்து வெடித்த மண்ணில் முழங்கால் உயரத்துக்குக் கொண்டைக்கடலைச் செடிகள். குனிந்து வேரோடு பிடுங்கி என் கைகளில் அடுக்கினார். போதும் என்றாலும் நிறுத்தவில்லை.

மதினியும் நானும் ஆளுக்கொரு கத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். காயை உடைத்தால் உள்ளே பச்சைப் பருப்பு, இனிப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை. இலை பட்ட விரலை நக்கினால் புளித்தது. மதினி உரித்து உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் தின்றேன். வெறும் கூடுகளை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டே போனோம்.

"அன்னைக்கு ஒன்ன பஸ்ஸுல ஏத்திட்டு நான் நடந்து போயிருக்கக் கூடாது" என்றாள் கடைசியில்.

"வேண்டுதல் மதினி."

"அது இருக்கட்டும்."

மூன்றாம் நாள் காலையில் திருச்செந்தூர் கடற்கரையில் நின்றோம். குளித்துவிட்டுத்தான் தரிசனம் என்றிருந்தோம். கொஞ்சம் உட்காரலாம் என்று ஈர மணலில் உட்கார்ந்ததும் மதினி தூங்கிப்போனாள். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் வந்து, வரிசை நீளமாகிறது, எழுப்புங்கள் என்றார். நீங்க போங்க, வாரோம் என்றேன். அலை வந்து எங்கள் கொப்புளக் கால்களைத் தொட்டுவிட்டுப் போனது. அவள் விழிக்கிறவரை நான் அசையவில்லை.