கமெராவில் தெரிந்த தங்கத் தோணி

எந்தப் பெட்டியைக் கண்டாலும் அதன் பின்பக்கத்தைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் தேவாலய மண்டபத்தில் முதன்முதலாக வெப்கமெராவைக் கண்ட அன்றும் அப்படித்தான். கணினித் திரையின் உச்சியில் பாக்கு அளவில் ஒரு சாமான் குந்திக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தேன்.

"என்னத்தைத் தேடுறாய்? மன்னார் அதுக்குப் பின்னாலையே ஒளிச்சு நிக்குது?" என்று கணவர் சிரித்தார். கணினியைப் பொருத்திக் கொடுத்தவர் அவர், அந்தத் திமிர்.

"சிரியுங்கோ. மன்னாரிலை இருக்கிற ஆளின்ரை முகம் இந்தச் சின்ன ஓட்டைக்குள்ளாலை என்னெண்டு வரும், அதைச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அது இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த சில வருடங்களில் நடந்தது. ஊரோடு பேசலாம், பொருள் அனுப்பலாம் என்று எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்திருந்த காலம். எங்கள் பங்கில் ஜெர்மன்காரர் சிலர் சேர்ந்து ஓர் உதவிக்குழு நடத்தினார்கள். கேக் விற்பார்கள், பழைய உடுப்பு விற்பார்கள், வருகிற காசை ஏதாவது ஏழை நாட்டுக்கு அனுப்புவார்கள். நான் மன்னார்ப் பெண், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. அதனால் தமிழ் சம்பந்தப்பட்ட எதற்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். சம்பளம் கேக்.

குழுத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. பக்கத்து நகரமான டோர்ட்மண்டில் ஏதோ ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்தார், அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இணையம் இனி நாங்கள் மட்டும் பேசுகிற ஒலிபெருக்கி இல்லை, உதவுகிறவர்களும் பேச வேண்டும், கேட்க வேண்டும் என்றார். வலைப்பூ ஒன்று தொடங்கினார். அதன் அடியில் யாரும் கருத்து எழுதலாம். எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. முன்பின் தெரியாத ஆள் நடுவீட்டுக்குள் வந்து கதை சொல்லிவிட்டுப் போவதுபோல! வேலை முடிந்து வந்ததும் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் தேநீர்.

ஒருநாள் யாரோ எழுதியிருந்தார்கள்: இந்தப் படங்கள் எல்லாம் எங்கும் பார்க்கிற படங்கள், இந்தப் பெண்கள் உண்மையில் இருக்கிறார்களா? தலைவிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "நேருக்கு நேர் காட்டுவோம்" என்றார். அப்படித்தான் பாக்கு அளவுக் கமெரா வந்தது.

அவர் சொன்ன பெண்கள் மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் இருந்தவர்கள். சிலரின் கணவரைப் போர் கொண்டுபோனது, சிலரின் கணவரைக் கடல். மிளகாயை வறுத்து, உரலில் இடித்துத் தூளாக்கிச் சந்தையில் விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. இரவில் கை எரிவில் நித்திரை வராது என்று தொலைபேசியில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கேட்டது ஓர் அரைக்கும் மில். ஆனால் இன்னொரு நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றும் கூரை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தது. இரண்டு விண்ணப்பத்தில் ஒன்றுக்குத்தான் வழி. கமெராவில் பார்த்துப் பேசிய கையோடு முடிவு எடுப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் கூடினோம். அங்கே அப்போது பின்னேரம் தொடங்கியிருக்கும். பெண்கள் பட்டணத்து இணையக் கடை ஒன்றில் காத்திருந்தார்கள். கமெரா இருந்த கூண்டுக்குள் ஒருவர்தான் இருக்கலாம், ஆகவே ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள் என்று சொன்னார்கள்.

குரல் முதலில் வந்தது, படம் பிறகு ஆடி ஆடி வந்தது. வாய் ஒரு சொல்லில் நிற்க, காது மூன்று சொல் தள்ளி நின்றது. முதலில் வந்தவர் அவர்களின் தலைவி, எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். மாதாவே, என்ன வடிவு! பட்டுச்சேலை, தலைநிறையப் பூ, கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலி. சங்கிலியில் தங்கத்தில் ஒரு சின்னத் தோணி தொங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பாருங்கள் எங்கள் ஆட்களை என்று திரும்பி ஜெர்மன்காரரின் முகங்களைப் பார்த்தேன்.

முகங்கள் ஒன்றும் நன்றாக இல்லை. குழுவின் கணக்கைப் பார்க்கிற மனிதர், முன்னாள் வரி அலுவலர், கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்திருந்தார்.

"இவ்வளவு தங்கம் அணிகிறவர்களுக்கு எங்கள் உதவி எதற்கு?" என்று மெல்லக் கேட்டார். "பள்ளிக்கூடத்துக்குக் கூரையே இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளி வரும்போது உடுத்தாமல் பிறகு எப்போது உடுத்துவது? படம் பிடிக்க ஸ்டூடியோவுக்குப் போனால் எங்கள் சனம் பஞ்சத்து உடுப்பிலா போகும்? ஆனால் இதை அவருக்கு எந்த ஜெர்மனில் சொல்வது என்று தெரியாமல் அடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன்.

இரண்டாவது பெண் வந்தார். அவர் கழுத்திலும் தங்கத் தோணி. ஊரில் இப்போது இதுதான் பாஷனோ என்று யோசித்தேன். மூன்றாவது பெண்ணிடமும் அதே தோணி. அப்போது நான் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுத் திரைக்குள் தலையைப் போட்டுவிட்டேன். தோணி தொங்கிய வளையத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. மூன்று சங்கிலிக்கும் அதே இடத்தில் சிவப்பு நூலா? விளங்கிவிட்டது. சொன்னால் அந்தப் பெண்களின் மானம் போகும், சொல்லாவிட்டால் மில் போகும்.

முடிவெடுக்கும் வேலையை இணையம் எனக்கு வைக்கவில்லை. மூன்றாவது பெண் எழும்பினார், படம் அப்படியே உறைந்துவிட்டது. உறைந்த படத்தில் அவருடைய பிடரி தெரிந்தது. கூண்டு வாசலில் நின்ற ஒருத்தியின் விரல்கள் சங்கிலியின் கொழுவியைக் கழற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நாலாவது பெண் வெறுங்கழுத்தைக் குனிந்து கொடுத்தபடி நின்றார். கணவர் மவுஸை அழுத்தினார், விசைப்பலகையில் தட்டினார். படம் அசையவில்லை. மண்டபத்தில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தச் சங்கிலி யாருடையது என்று கேளுங்கள்" என்றார் ஆசிரியை.

கேட்க மாட்டேன் என்று எழும்பிப் போகலாம் போல இருந்தது. ஆனாலும் கேட்டேன். பிறகு அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"அங்கை தெரியுதே? அட கடவுளே... அது மாதாவின்ரை சங்கிலி, தங்கச்சி. கடலிலை தப்பி வந்த ஆரோ ஒராள் நேர்த்திக்குச் செய்து கோயில் மாதாவுக்குப் போட்டது. பங்குச் சுவாமியிட்டைக் கேட்டு இரவல் வாங்கினனாங்கள். பின்னேரப் பூசைக்கு முதல் திருப்பிப் போடவேணும்."

"ஏன் அக்கா?"

"என்ன கேள்வி இது? அவ்வளவு தூரத்திலையிருந்து எங்கடை முகத்தை முதன்முதல் பாக்கினம். வெறுங்கழுத்தோடை வந்து நிக்கிறதே? மரியாதை இல்லையே?"

ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியை தான் போட்டிருந்த பழைய மழைக்கோட்டைக் குனிந்து பார்த்தார். வரி அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அங்கே எங்களைவிட நேரம் முந்தி ஓடுகிறதல்லவா?" என்றார். "அப்படியென்றால் அவர்களை இனி மறிக்க வேண்டாம். பூசைக்கு நேரமாகப் போகிறது." சொல்லிவிட்டு மில்லுக்கு ஆதரவாக முதல் ஆளாகக் கையை உயர்த்தினார்.

மில் போய்ச் சேர்ந்து ஓடத் தொடங்கிய பிறகு மறுபடி ஒரு சனிக்கிழமை கமெராவுக்கு நாள் வைத்தோம். நான் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து அந்த வெள்ளைச் சட்டையோடேயே ஓடி வந்தேன். மண்டபக் கதவைத் திறந்ததும் வேறு யாருடைய கலியாணவீட்டுக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். வருடம் முழுவதும் மழைக்கோட்டோடு திரிகிற ஆசிரியை நீலக் கவுனும் முத்துமாலையுமாக இருந்தார். வரி அலுவலர் கறுப்புக் கோட்டும் மினுங்கும் டையும் கட்டி மூச்சு விடச் சிரமப்பட்டார். "இன்று விருந்தாளிகள் வருகிறார்களே" என்றார் ஆசிரியை, எனக்கு இது தெரியாதா என்பதுபோல.

படம் வந்தது. பெண்கள் மில்லில் இருந்து நேராக வந்திருந்தார்கள். பழைய சேலை, முகமெல்லாம் மிளகாய்த் தூள், கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒருத்தி விடாமல் தும்மினாள். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"ஐயோ தங்கச்சி, இப்பத்தான் நாங்கள் சொந்தக்காரர் எண்டு நினைச்சு வந்த கோலத்திலை வந்தனாங்கள். அவை என்ன இப்பிடி வெளிக்கிட்டிருக்கினம்? அந்த உடுப்பும் ஆரிட்டையேனும் இரவல் வாங்கினதே?"

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க வேண்டும்தானே? சொன்னேன்.

வரி அலுவலர் காதுவரை சிவந்துபோனார். கழுத்திலிருந்த டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆம் என்று சொல்லுங்கள்" என்றார். "இது என் தம்பியுடையது. இரவுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்."