எஸ்தர் டீச்சரின் மூக்குப் பெட்டி

படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகு டிரைவர் அந்தோணி ஓடி வந்தான். "அண்ணாச்சி, எஸ்தர் டீச்சர் தவறிட்டாவ. நெஞ்சுவலியாம்." எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

டீச்சர் நாசரேத்துக்காரர். இங்கே பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தியவர். என் தம்பி சவேரி செத்த மறுவாரம் என்னைத் தேடி வந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகைத் திறந்த அன்று, மீன் அறையில் தேங்கிய தண்ணீர் கெட்டு, அழுகிய முட்டை வாடை அடித்தது. மூடியைத் திறந்துவிட்டு அதன் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாடை தெரியவில்லை. "வாடை போயிட்டுலே, எறங்கு" என்று நான்தான் சொன்னேன். இறங்கியவன் ஏறவில்லை.

"வாடை போகல அண்ணாச்சி. அந்த வாயு கூடுனா மொதல்ல மூக்கத்தான் கொல்லும்" என்றார் டீச்சர். அதுவரை எவனும் எங்களுக்குச் சொல்லாத செய்தி.

மரத்துப்போகாத மூக்கு ஒன்றை அவர் செய்தார். சின்னப் பெட்டிக்குள் பல சென்சார்கள். அதற்கும் வாடை பழக்க வேண்டுமாம். ஆய்வகத்தில் புட்டி புட்டியாகக் காட்டினால் வருசக்கணக்காகும் என்று, ஒன்பது பெட்டிகளை ஒரே நேரத்தில் ஒன்பது படகுகளின் அறைக்குள் கயிற்றில் இறக்கினார். எந்த அறையில் என்ன மீன் கிடந்தது, எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"என்ன டீச்சர், ரயிலப் பிடிக்கணுமா?" என்று கேலி செய்வேன்.

"அடுத்த தடைக்காலம் முடியுறதுக்குள்ள வேணும். அந்த வாயு நமக்காவக் காத்துக்கெடக்குமா?"

சொன்னபடி முடித்தார். ஆனால் அனுமதி தர வேண்டிய மீன்வளத்துறை அலுவலகத்தில், "இன்னும் ஒரு சோதனை" என்றார்கள். பிறகு இன்னொன்று. இரண்டு தடைக்காலம் போய்விட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத என்னிடம் கேட்டுச் செய்த பெட்டிகள், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களின் அலமாரியில் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் டீச்சர் என் படகில் விட்டுவைத்திருந்தார்.

அடக்கத்துக்கு அந்த அலுவலகத்து அதிகாரியும் மாலையோடு வந்து, "பெரிய இழப்பு" என்றார்.

"மாலைக்குச் சோதனை ஒண்ணும் கெடையாதோ, சார்?" என்று கேட்டேன். அவர் மாலையை வைத்துவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் அந்தோணி தன் மீன் அறையைத் திறந்தான். "மொதல்ல நாறிச்சு அண்ணாச்சி, இப்ப ஒண்ணுமில்ல" என்று காலை உள்ளே விட்டான்.

"ஏலே, நில்லு!"

பெட்டியை நான் கயிற்றில் இறக்கினேன். சோதனை முடியாத அந்தப் பெட்டி பாதி ஆழத்திலேயே அலறியது. அந்தோணி காலை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டான்.

போய் வாருங்கள், டீச்சர். அவன் இரண்டு காலும் வெளியே இருக்கின்றன.