இரண்டு பிரேக் உள்ள கார்

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலுக்கு. மற்றது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உயிருக்கு. பத்தொன்பது வருடமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே கால் வைத்திருந்ததில் இந்தப் பயிற்சியாளருக்கு 'பிரேக்கு' என்று பெயர் நிலைத்துவிட்டது. பேருந்தில் போனாலும் கால் தானாக அழுத்தும். வீட்டில் மனைவி குரலை உயர்த்தினால் சோபாவுக்கு முன்னால் அவருடைய வலது பாதம் தரையை மிதிக்கும்.

கடன் விஷயத்தில் மட்டும் அந்தக் கால் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

ஒரு கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இன்னொன்றைக் கடனில் எடுத்தார். தெருவோரமாக ஓர் அறை பிடித்துப் பலகை மாட்டினார். எடுத்த ஆறாம் மாதம், பக்கத்துத் தெருவில் இருந்த ஓட்டுநர் தேர்வு மையத்தை நகரத்தின் அந்தக் கோடிக்கு மாற்றினார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். புதுக் காரின் தவணையை ஒரு கிரெடிட் கார்டில் கட்டினார். அந்தக் கார்டை இன்னொரு கார்டில் கட்டினார். சட்டைக் கிழிசலுக்குக் காலரை வெட்டி ஒட்டுப்போட்ட கதைதான். கடைசியில் புதுக் காரைக் கடன் கொடுத்தவர்களே வந்து எடுத்துப்போய் ஏலம் விட்டார்கள். ஏலத்தில் வந்தது போக மிச்சக் கடன் அவர் தலையிலேயே நின்றது.

வகுப்பு நடுவில் போன் அடிக்கும்.

"சார், உங்க போன் அடிக்குது."

"அடிக்கட்டும். நீங்க ரோட்டப் பாருங்க."

அவருடைய மனைவி ஒருநாள் பழைய காரில் ஸ்டெப்னி டயரைத் தூக்கியபோது, அடியில் பிரிக்காத கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. அவள் கத்தவில்லை. கட்டை ஒரு பைக்குள் போட்டாள். மறுநாள் காலையில் பையையும் கணவரையும் கூட்டிக்கொண்டு நூலகத்து மாடியில் இருந்த இலவசக் கடன் ஆலோசனை மையத்துக்குப் போனாள்.

அங்கே ஆலோசகர், காதோரம் பென்சில் செருகியிருந்த ஒரு பெண்மணி, கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கினார். பிறகு அந்த ஊர்ச் சட்டப்படி இருக்கிற மூன்று வழிகளைச் சொன்னார். கடன்காரர்களிடம் பேசி வட்டியைக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே மாதத் தவணையாக்குவது ஒன்று. நீதிமன்றத்தின் மேற்பார்வையில், முடிந்ததை மட்டும் ஐந்து வருடம் கட்டுவது இரண்டு. இரண்டுக்கும் நிலையான வருமானம் வேண்டும். அவருடைய வருமானம் மழைக்காலத்து வெயில் மாதிரி.

"மூணாவது?" என்றார் அவர்.

"திவால் மனு. பெரும்பாலான கடன் போயிடும். ஆனா பேரு பொதுப் பதிவுல ஏறும். சில வருஷத்துக்குப் புதுக் கடன் எவனும் தர மாட்டான்."

"அது ஒண்ணுதான் நல்ல சேதி," என்றாள் மனைவி.

"மஞ்சக் கடுதாசி குடுக்கணுமா?"

"இப்ப எல்லாம் வெள்ளைதான் சார். முப்பத்திரண்டு பக்கம்."

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பழைய கார்? அது போனால் ஐம்பத்திரண்டு வயதில் வேறு என்ன தொழிலுக்குப் போவது?

"அது உங்க தொழில் கருவி. கடன் இல்லாத வண்டி, விலையும் வரம்புக்குள்ள இருக்கு. வச்சுக்கலாம். ஒரே நிபந்தனை. இந்த முப்பத்திரண்டு பக்கத்துல ஒரு பொய் இருக்கக் கூடாது. இருந்தா மனுவும் போச்சு, வண்டியும் போச்சு."

பத்தொன்பதாம் பக்கம் வரை சிக்கல் இல்லாமல் போயிற்று. அங்கே ஆலோசகர் வாசித்தார்: "கடந்த ஒரு வருடத்தில் உறவினர் எவருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்தீர்களா?"

மேசைக்கு அடியில் அவர் கால் தரையை அழுத்தியது.

"இல்ல."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "உங்க அக்காவுக்குக் குடுத்தீங்களே."

"அது கடன் இல்ல."

"அப்ப என்ன, பொறந்தநாள் பரிசா?"

நடந்தது இதுதான். நான்கு மாதத்துக்கு முன் தெருவோர அறையைக் காலி செய்தபோது முன்பணம் ஒரு கவரில் திரும்பி வந்தது. புதுக் கார் எடுக்க அக்கா கொடுத்திருந்த தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவே. அவள் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. ஆனாலும் எல்லாம் கவிழப்போகிறது என்று தெரிந்ததும், கவரைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் அவள் கையில் வைத்துவிட்டு வந்தார். கூடப்பிறந்தவள் பேரைக் கார்டு கம்பெனிகளோடு சேர்த்து எழுதுவதா என்ற எண்ணம். அவர் வாழ்நாளில் செய்த யோக்கியமான காரியங்களில் அதைத்தான் முதலில் வைத்திருந்தார்.

"சட்டத்துக்கு எல்லாக் கடன்காரரும் ஒண்ணு சார்," என்றார் ஆலோசகர். "சொந்தத்துக்கு முன்னாடியே குடுத்தது செல்லாது. அந்தப் பணம் திரும்பி வந்து எல்லாருக்கும் பங்காகணும். நீங்க மறைச்சாலும், அந்த முன்பணம் எங்க போச்சுன்னு விசாரிச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்க."

"அக்காகிட்ட போய் நான் எப்படிக் கேப்பேன்?"

"நீங்க கேக்கலன்னா கோர்ட்டு கேக்கும்."

அவர் ஒரு நாள் அவகாசம் வாங்கினார்.

அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். மறுநாள் மதியம் கதவைத் திறந்து உள்ளே போனார். பல்வலிக்காரர்கள் மூன்று பேருக்கு நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களோடு அவரும் உட்கார்ந்தார். முறை வந்ததும் மேசைக்குப் போய், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அக்கா பேனாவை மூடினாள்.

"டேய், நீ எத்தனை பேருக்குக் கடன்?"

"பத்து எடத்துல."

"பத்து பேர் பேரும் எழுதினியே, என் பேரை ஏன்டா விட்ட?"

"உன்னைப் போய் கடன்காரின்னு எழுதச் சொல்றியா?"

"கடன் குடுத்தவ கடன்காரிதான். எழுதியிருந்தா எனக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். இப்ப உன் மானத்துக்காக என்னையும் சேத்துக் கோர்ட்டுக்கு இழுக்குற." அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, வலி தாங்கல," என்றார்.

"இருங்க சார், இவருக்கும் அதான்," என்றாள் அக்கா. தம்பியிடம் திரும்பி, "கவர் பீரோலதான் இருக்கு. நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் குடுத்தப்பவே தெரியும், திரும்ப வருவேன்னு."

வெள்ளிக்கிழமை மூவருமாக நூலகத்து மாடி ஏறினார்கள். கவரை மையத்திலேயே வைக்க முடியாது, அதற்கென்று இருக்கும் நீதிமன்ற அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆலோசகர் முகவரி எழுதிக் கொடுத்தார். 'இல்லை' என்றிருந்ததை அடித்து, தேதியும் தொகையும் எழுதினார். பட்டியலில் பதினொன்றாவதாக அக்காவின் பெயர் ஏறியது.

"எனக்கு எவ்வளவு திரும்பும்?" என்றாள் அக்கா.

"நூத்துக்குப் பத்து வந்தா அதிகம் மேடம்."

"சரி, பல்லு ஒண்ணு புடுங்கினதா நெனச்சுக்கிறேன்."

முப்பத்திரண்டாம் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். கார் தொழில் கருவி என்ற இடத்தில் மனைவி விரலை வைத்து இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டாள்.

கீழே வந்து காரில் ஏறும்போது அக்கா, "என் மருமகளுக்கு ஓட்டச் சொல்லிக் குடு," என்றாள். "திங்கக்கிழமைலேருந்து."

"அதுக்கென்ன, அனுப்பு."

"பீஸ் எவ்வளவு?"

"அக்கா, உங்கிட்ட போய்—"

"மறுபடியும் ஆரம்பிக்காத. ரசீது போடு. அந்தப் பென்சில் பொம்பள கேட்டா காட்டணும்."

அவர் டாஷ்போர்டைத் திறந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அக்காவின் பெயரை முழுசாக எழுதி, கார்பனை எடுத்து நகல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.