ஓரெஸ்டுக்குக் கிடைத்த வீடு

ஓரெஸ்ட் என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதற்கு முன்பே நானும் அவரும் பல வருடங்களாக ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். கனடாவின் சஸ்காட்சுவனில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி ஒதுக்கும் வண்டியை அவர் ஓட்டுவார். அந்த வண்டிகளை நான் பழுது பார்ப்பேன்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்ததற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. கூச்ச சுபாவம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே வருடங்கள் ஓடிவிட்டன. அப்பாவும் போனபிறகு ஊர் ஓரத்தில் இருந்த அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். அடுப்பில் இருக்கும் பாத்திரத்திலிருந்தே நின்றபடி சாப்பிட்டுவிட்டு அதைக் கழுவி வைத்துவிடுவாராம். ஒருவனுக்காக மேசையில் தட்டு வைத்து உட்காருவானேன் என்பார்.

என் அக்கா டார்லீன் அவருக்கு நேர் எதிர். முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். வாய் ஓயாது. முதல் கணவன் விட்டுப் போன பிறகு ப்ரின், டெவன் என்று இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜனவரி காலையில் ஓரெஸ்டின் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஊர் வரைக்கும் ஊர்ந்தே வந்திருக்கிறாள். அவர் காபிக் கடையில் நுழைந்ததும் பின்னாலேயே போய், எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, தான் இன்னும் தொடாத ஆப்பிள் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"திட்டி முடிச்சாச்சுன்னா உட்காருங்க. சூடு ஆறிடும்."

அக்கா உட்கார்ந்தாள். அடுத்த வருடம் கல்யாணம்.

வசந்தம் வருவதற்குள் அவர் தன் பழைய வீட்டுக்கே ஓடிவிடுவார் என்றுதான் பணிமனையில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. டெவனின் ஐஸ் ஹாக்கிப் பையைத் திறந்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். நாய் வேறு. ஆனால் ஓரெஸ்ட் மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் துண்டை யாரோ எடுத்துவிட்டார்கள், கடைசித் துண்டு கேக்கை யாரோ தின்றுவிட்டார்கள் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். குறை சொல்கிறார் என்று முதலில் நினைத்தோம். முகத்தைப் பார்த்தால் லாட்டரி அடித்தவர் மாதிரி இருக்கும்.

பதினாறு வயது ப்ரினுக்கு மட்டும் அவரைப் பிடிக்கவில்லை. மரியாதைக் குறைவாக எதுவும் பேசமாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "அம்மா, அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்பாள். என்னிடம் ஒருமுறை புலம்பினாள்.

"உப்பை நகர்த்தினா நன்றி, கதவத் திறந்தா நன்றி. ஓட்டல்ல தங்கியிருக்கிறவர் மாதிரியே இருக்காரு மாமா. எனக்கு எரிச்சலா வருது."

அந்த அக்டோபரில் நன்றி நாள் விருந்துக்கு நானும் போயிருந்தேன். வான்கோழியை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்வது அக்கா வீட்டு வழக்கம். டெவன் நாய்க்கு நன்றி சொன்னான். அக்கா, சீக்கிரம் முடியுங்கள், குழம்பு ஆறுகிறது என்றாள். ஓரெஸ்ட் முறை வந்தபோது முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"காலைல நான் கண்ணு முழிக்கும்போது குளியலறைல தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. அதுக்கு."

ப்ரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். வெந்நீர் முழுவதையும் அவளே தீர்த்துவிடுகிறாள் என்பது அந்த வீட்டில் தினசரிச் சண்டை. தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் ஓரெஸ்ட் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அதை விளக்கவும் எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

நவம்பரில் முதல் பெரிய பனி விழுந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ப்ரின் அக்காவின் காரை எடுத்துக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குக் கிளம்பியவள், வளைவில் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அடி எதுவும் படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டால் கடையே இடிந்து விழும்படி கத்துவாள். அதனால் ஓரெஸ்டைக் கூப்பிட்டாள். நான் அப்போது அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். போனில் எதிர்ப்பக்கம் பேசியது எனக்குக் கேட்டது.

"ஓரெஸ்ட், நான் ப்ரின். கொஞ்சம் வர முடியுமா?"

அவர் கையுறையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அங்கே நடந்ததை ப்ரின் பின்னால் எனக்குச் சொன்னாள். அவர் வந்து பார்த்தபோது அவள் மெல்லிய ஸ்வெட்டரோடு பள்ளத்துக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டாள். அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டார்.

"கோட்டு எங்க? இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம வண்டி எடுப்பியா? போன் கிடைக்காம போயிருந்தா என்ன ஆயிருக்கும்? கொஞ்சமாவது யோசிச்சியா?"

திட்டிக்கொண்டே தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டார். தன் வண்டிக்குள் உட்காரவைத்து ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட்டார். பிறகு சட்டையோடு நின்று, காருக்குச் சங்கிலி மாட்டி மேலே இழுத்தார். திரும்பி வந்து கையை ஹீட்டர் முன்னால் நீட்டினார். ப்ரின் அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடு அழுகையாகக் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு வெந்நீரப் பத்தி என்னைத்தானே குத்திச் சொன்னீங்க?"

அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் திகைத்துப் போனார்.

"ஐயோ, இல்லம்மா. எங்க வீட்டுல அப்பா போனப்புறம் நான் திறந்தாத்தான் தண்ணி ஓடும். நான் போட்டாத்தான் விளக்கு எரியும். இங்க எனக்கு முன்னாடியே யாரோ எழுந்து நடமாடுற சத்தம் கேக்குது. கேட்டுக்கிட்டே கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். அவ்வளவுதான்."

ப்ரின் அவருடைய கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காரைப் பின்னால் இழுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்தார். பெண் பிள்ளையிடம் கத்திவிட்டேன், இனி அவள் என் முகத்திலேயே விழிக்கமாட்டாள் என்று வருத்தப்பட்டார். ஆனால் திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது ஆள் வேறு மாதிரி இருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ப்ரின் மறுபடியும் கோட்டு இல்லாமல் வெளியே கிளம்பியிருக்கிறாள். இவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஓரெஸ்ட், நீங்க என் உயிரை வாங்குறீங்க" என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, வீடே அதிரும்படி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

"என்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போனா," என்றார் அவர். "அவங்க அம்மாகிட்ட கோவிச்சுக்குவா இல்ல, அதே மாதிரி."

அன்று முழுக்க அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இதெல்லாம் நடந்து நான்கைந்து வருடம் இருக்கும். ப்ரின் இப்போது ரெஜைனா நகரத்தில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். காரில் ஏதாவது சத்தம் கேட்டால் உடனே போன் இங்கேதான் வரும். டெவன் ஓரெஸ்டைவிட உயரமாகிவிட்டான். அவனுடைய ஹாக்கிப் பையை வாசலுக்கு வெளியே தூக்கிப் போடுவது இப்போது ஓரெஸ்ட்தான். நன்றி சொல்வதையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டார். உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டி அவரே எடுத்துக்கொள்கிறார். அக்கா திட்டும்போது நடுவில் குறுக்கே பேசவும் பழகிவிட்டார். அக்காவுக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

போன வாரம் ஏணி இரவல் வாங்கிக்கொண்டு வரலாமென்று அங்கே போனேன். ப்ரின் விடுமுறைக்கு வந்திருந்தாள். நாலு பேரும் குளியலறை வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த வண்ணம் அடிப்பது என்பதுதான் விஷயம். ஓரெஸ்ட் பச்சை வேண்டும் என்றார். எல்லாரையும்விட அவர் குரல்தான் ஓங்கிக் கேட்டது. கடைசியில் தோற்றும் போனார். மத்தியானத்துக்குள் நான் கேட்க வந்த ஏணியில் அவரே ஏறி நின்று, மஞ்சள் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். காதெல்லாம் மஞ்சள்.

அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த மூலைய விட்டுட்ட, பாரு."

"பார்த்துட்டேன். வர்றேன்," என்றார் ஓரெஸ்ட்.

ஏணி எப்போது கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.