நீர்ப்பல்லிகளுக்கு எடுத்த விழா

தவமணி கலியாணம் கட்டி இருபத்தாறு வருடமாகியும் வீட்டில் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்தவளல்ல. அவள் தொடங்குவாள், கணவர் ஜெயரட்ணம் முடித்துவைப்பார். "எனக்குக் கொஞ்சம்..." என்று அவள் வாயெடுத்தால், "தலையிடி, என்ன? குளிசையைப் போடும்" என்பார். அவள் கேட்க வந்தது கொஞ்சம் சீனியாக இருக்கும். அதை யார் விசாரித்தது? குளிசையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள்.

மனுசன் கெட்டவரல்ல. ஊர் நலன்புரிச் சங்கத்தின் தலைவர், அவ்வளவுதான். மைக்கைக் கண்டால் தொண்டையைச் செருமாமல் கடந்துபோக அவரால் முடியாது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, இராப்போசன விருந்தில் யார் முதலில் பேசுவது என்ற சண்டையில் சங்கம் இரண்டாக உடைந்தது. மண்டபம் மற்றப் பகுதியோடு போய்விட்டது. பேச இடமில்லாமல் மனுசன் வீட்டுக்குள் உலாவித் திரிந்தார்.

அந்த வருடம்தான், புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் வீடு வாங்கியிருந்தார்கள். பின்வளவில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சின்னக் குளமும் நாலு தங்கமீன்களும். ஜூன் மாதம் ஒருநாள் தவமணி பாசிக்குள் ஏதோ நெளியக் கண்டாள். தவளைக் குஞ்சான வாற்பேத்தை என்றால் பின்னங்கால் அல்லவா முதலில் வரும்? இதற்கு முன்னங்கால் வந்திருந்தது. கழுத்தின் இரு பக்கமும் இறகுபோலச் செவுள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கமீன் ஒன்று வந்து ஒரு குஞ்சை விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடியது. "சனியன்" என்று திட்டிக்கொண்டே தவமணி தேத்தண்ணி வடியால் மிச்சத்தை அள்ளினாள். பதின்மூன்று தப்பின.

நூலகத்துப் பெண் படப்புத்தகத்தில் தேடிக் காட்டினாள்: நியூட் என்ற நீர்ப்பல்லி. செவுள் மறைந்ததும் கரையேறி ஈரச் சருகுக்குள் போய்விடுமாம். வெக்கை ஆகாதாம்.

பேஸ்மென்ற் குளிர்ச்சியில், நாலு லீற்றர் ஐஸ்கிறீம் வாளியில் அவற்றை வளர்த்தாள். மழைத் தண்ணீர் மாற்றினாள். ஊரெல்லாம் கடிக்கிற நுளம்பை விரட்ட, இவள் ஒரு பழைய சட்டியில் நுளம்புக் குஞ்சு வளர்த்துத் தீனி போட்டாள். போத்தல் மூடித் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்ததும் வாளிக்கு முன்னால் குந்திக்கொண்டு கதைப்பாள். சுப்பர்வைசர் பிடிக்கிற நொட்டை, முழங்கால் உளைவு, தங்கைச்சியின் கடிதம் எல்லாம் கதைத்தாள். பதின்மூன்றும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றாவது குறுக்கே வாய்போடவில்லை. அப்படியொரு சுகத்தை அவள் பிறந்து கண்டதில்லை.

பத்தாவது கிழமை செவுள்கள் மறைந்தன. குஞ்சுகள் வாளிச் சுவரில் ஏறத் தொடங்கின. தவமணி ஒரு பிழை விட்டாள். கணவரிடம் சொன்னாள்.

"இதுகளை நாளைக்குக் கரையில..."

"விடவேணும். விடுவம்" என்று முடித்தார் ஜெயரட்ணம். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. "ஆனால் முறையா விடுவம்."

முறை என்றால் என்ன? அழைப்பிதழ் அச்சாகியது: 'நீர்ப்பல்லி விடுவிப்பு விழா'. பின்வளவில் நாற்பது வாடகைக் கதிரை, மைக், குத்துவிளக்கு. வீடியோவுக்கு ஸப்ரி என்ற பெடியன். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் மூன்று என்று போய், ஒன்பதாவதாகப் பிரதம விருந்தினர் பஸ்ரியன் மாஸ்டர் வாளியைக் கவிழ்ப்பார். கடைசி வரியில், 'சிற்றுண்டி: திருமதி ஜெயரட்ணம்.'

இரண்டு மணி விழா மூன்றரைக்குத் தொடங்கியது. ஓகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டுத்துணி விரித்த மேசையில், வெயிலுக்கு நடுவே வாளி. வடைத் தட்டோடு வந்த தவமணி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் சுட்டது. குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன.

"இஞ்சேருங்கோ, இதுகள் செத்து..."

"போகாது" என்றார் ஜெயரட்ணம், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "மாஸ்டர் அஜக்ஸில இருந்து வந்துகொண்டிருக்கிறார். அது ஒன்பதாவது. பொறும்."

இருபத்தாறு வருடம் பொறுத்தவள் அன்றைக்குப் பொறுக்கவில்லை. வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குளத்தின் பின்பக்கம் போனாள். நாற்பது பேரும் மைக்கைப் பார்த்தபடி இருந்தார்கள். கொஞ்சநேரத்தில் வாளி பழையபடி மேசைக்கு வந்தது, மேலே ஒரு பிடி பாசியோடு.

ஐந்து மணிக்கு வந்த பஸ்ரியன் மாஸ்டர் மாலையோடு வாளியைக் கவிழ்த்தார். பாசி விழுந்தது. "என்ன வேகமாய் ஓடுதுகள், பாத்தியளே" என்றார் மைக்கில். ஓம், ஓடுதுகள் என்று எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்டதாகவே சொன்னார்கள்.

மூன்று கிழமை கழித்து வீடியோக் கொப்பி வந்தது. ஜெயரட்ணம் இருபது பேரைக் கூப்பிட்டு வைத்துப் போட்டார். தலைமையுரை முப்பத்தைந்து நிமிடம். ஸப்ரியும் மனிதன்தானே, பாதியில் அலுத்துப்போய்க் கமெராவைக் குளத்துப் பக்கம் திருப்பியிருந்தான். "இச்சிறு உயிர்களை இரவு பகலாகக் காத்த நாம்..." என்று ஜெயரட்ணத்தின் குரல் முழங்க, படத்தில் தவமணி சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குந்தியிருந்தாள். ஒவ்வொரு குஞ்சாக உள்ளங்கையில் எடுத்துச் சருகுக்குள் விட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு அசைந்தது. பதின்மூன்று தரம்.

ஜெயரட்ணம் படத்தை நிறுத்தினார். முகம் கறுத்திருந்தது.

"என்னப்பா சொன்னனீர் உதுகளுக்கு?"

தேத்தண்ணித் தட்டோடு நின்ற தவமணி அவர் முடித்துவைப்பார் என்று கொஞ்சம் பார்த்தாள். அவருக்குத் தெரியவில்லை. ஆகவே அவளே சொன்னாள்:

"பத்துக் கிழமை நான் கதைச்சதை முழுக்கக் கேட்டதுக்கு நன்றியெண்டு சொன்னனான்."

ஜெயரட்ணம் தொண்டையைச் செருமினார். பிறகு அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, தேத்தண்ணி கொடுக்கத் தொடங்கினார்.