மாத்திரைக்குப் பின் இரண்டு மணி நேரம்

மேட்டுக்காட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் மூச்சு வாங்கியது. இருபது வருடமாக நான் ஏறி இறங்கும் சரிவு அது. வயதாகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மாதாமாதம் பத்து நாளுக்கு மேல் நீளும் உதிரப்போக்கை யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் போல் வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கர்ப்பப்பையில் கட்டி, அகற்ற வேண்டும் என்றார் மலையாளி டாக்டர். ஆனால் ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சத்து) ஏழுதான் இருந்தது. பத்தையாவது தொடாமல் கத்தி வைக்க முடியாது என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

மூன்று மாதம், காலை பத்து மணிக்குக் காட்டுக்கு வரும் கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத தேநீர்) தவறாமல் விழுங்கினேன். ஏழு ஏழாகவே நின்றது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறது இல்ல, அல்லே? பொய் சொல்லக் கூடாது கேட்டோ, சேச்சி," என்றார் டாக்டர்.

அவமானத்தில் அழுதேன். வெளியே வந்ததும் என் கணவர் முருகையா கேட்டது அதைவிட வலித்தது.

"நெசமாவே முழுங்குதியா, இல்ல தூரப் போட்டுருதியா?"

மறுநாளிலிருந்து அவரே காவலுக்கு நின்றார். அவருக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. தேநீர் இதயத்துக்கு நல்லது என்று ஆராய்ச்சியில் தெரிந்ததாகச் சொல்லும் ஒரு செய்தித்தாள் துண்டை அங்கே சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து தேநீரும் அவருக்கு மருந்துதான். விடிந்ததும் எழுந்து, திக்காகக் கட்டன் போட்டு, மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் விழுங்கும்வரை அசையமாட்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எனக்காக அடுப்பு பற்றவைத்தது அப்போதுதான். கோபம் மறந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அடுத்த சோதனையில் எண் இன்னும் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிப் படியில்கூட ஏற முடியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, கல்லூரியில் படிக்கும் மகளை நினைத்தேன். செத்துப்போவேனோ என்று பயமாக இருந்தது.

ரத்தம் எடுத்த நர்ஸ் பக்கத்து எஸ்டேட் பெண். அவள்தான் கேட்டாள்: "மாத்திரைய எதுலக்கா முழுங்குதீக?"

"கட்டன்லதான். இவுகளே போட்டுத் தருவாக, நல்லாத் திக்கா," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் கை நின்றது. தேநீரில் இருக்கும் டானின் (துவர்ப்புப் பொருள்) இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது என்றாள். அதுவும் ஆராய்ச்சியில் கண்டதுதானாம். தேநீரை விட வேண்டாம், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். நோய்க்குக் காரணம் உதிரப்போக்குதான், தேநீர் இல்லை என்று டாக்டரும் சொன்னார். சுவரில் இருந்தது பொய்யில்லை. பாதியைத்தான் ஒட்டியிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற முருகையா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தானே தெனமும் ஊத்திக் குடுத்தேன்," என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். மாத்திரை தண்ணீரோடு தொடர்ந்தது. எண் மெல்ல மெல்லப் பத்தைத் தொட்டதும் அறுவைச் சிகிச்சை நடந்தது.

இப்போது அந்தச் சரிவில் என் மூச்சைக் கேட்டபடிதான் ஏறுகிறேன். முன்பெல்லாம் அப்படி ஒன்று எனக்குள் ஓடுவதே தெரியாது. மாத்திரை இன்னும் சில மாதம் உண்டு. விடிந்ததும் வெந்நீரோடு அவர்தான் தருகிறார். பிறகு இரண்டு மணி நேரம் இருவரும் சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு மாத்திரையும் இல்லை, தடையும் இல்லை.

"நீங்களாவது கட்டன் குடிங்களேன்," என்றால், கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஒனக்கு மணி ஆவட்டும்."