ஞானம் அண்ணையின் முழங்காலும் தவராசாவின் ஆட்டிறைச்சியும்

தவராசா கடவுளுக்காக ஒரு வாய்ச் சோற்றைக்கூட விட்டுக்கொடுத்த மனிதர் அல்லர். கந்தசஷ்டி ஆறு நாளும் மனைவி தயாளினி பாலும் பழமுமாகக் கிடக்க, இவர் வேலைக்குப் போகிற வழியில் ஆட்டிறைச்சி ரொட்டி இரண்டைத் தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து 'அரோகரா' போடுகிற ஆள். அப்பேர்ப்பட்டவரை லண்டனில் மோர்டன் முழுக்கவும் டூட்டிங்கில் பாதியும் ஒரு வருஷத்துக்கு மேல் சாமியார் கணக்கில் வைத்துக் கும்பிட்டது. அதற்குக் காரணம் பக்தியல்ல, இறைச்சி விலை.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். வயது அறுபது. பதினெட்டு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, மகள் ஜதுர்ஷிகா இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவர். குளியலறைச் சுவர்களுக்கு ரைல் கல் ஒட்டுவது தொழில். வாரம் ஆறு நாள் ஊரார் வீட்டுக் குளியலறைகளில் குந்தியிருப்பார். ஏழாம் நாள் ஆட்டுக் கறி. எலும்போடு. அந்த எலும்பை உறிஞ்சுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூனை வேலி தாண்டி வந்துவிடும். அவருடைய முழு வாரமும் அந்த ஒரு கோப்பைச் சோற்றை நோக்கித்தான் நகர்ந்தது.

தயாளினிக்கு ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் வேலை. விலை ஏறுவது ஊருக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பையில் கத்தரிக்காயும் பருப்பும் கீரையும் வந்தன. தவராசா கோப்பையை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார்.

"கறி எங்க?"

"இதுதான் கறி. இனி இந்த வீட்டில மரக்கறிதான். ஆட்டின்ர விலை தெரியுமோ உங்களுக்கு? ஒரு கிலோ வாங்கிற காசில ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாம்."

மகளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அவள் யூனிவர்சிட்டி போன நாளிலிருந்தே பாலும் தொடாத கட்சி. "அப்பா, ஐ ஆம் சோ ப்ரவுட்" என்று கட்டிப்பிடித்துவிட்டு, மறுநாளே வாழைப்பழத் தோலில் ஒரு வறை செய்து கொண்டுவந்து வைத்தாள். தோலில்! பழத்தை என்ன செய்தாய் பிள்ளை என்று கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

சரி, வீட்டில்தானே இந்தக் கொடுமை, கொண்டாட்டங்களில் வெட்டலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அங்கேதான் தயாளினி அவர் தலையில் மண்ணை அள்ளிப் போட்டாள். டூட்டிங்கில் இறைச்சிக் கடையும் விசேஷங்களுக்குச் சமையலும் நடத்துகிற கலாவதி போன் எடுத்து, "என்ன தயா, மூண்டு கிழமையா உங்கட ஓர்டரைக் காணேல்லை?" என்று கேட்டாள். விலை கட்டாது என்று சொல்லலாமா? சொன்னால் நாளைக்கே 'தவராசா வீடு ஏலத்துக்கு வருகுதாம்' என்று சனம் கதைக்கும். தயாளினி வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இவர் மச்சம் விட்டிட்டார் அக்கா."

நம் ஆட்கள் மச்சம் விட்டால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு: நேர்த்தி. கடவுளிடம் ஏதோ கேட்டிருக்கிறார், அது கிடைக்கும்வரை மீனில்லை, இறைச்சியில்லை. கலாவதி போனை வைத்தாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், தவராசாவைத் தவிர.

அடுத்த சனிக்கிழமை ஞானரட்ணத்தின் எழுபதாவது பிறந்தநாள். ஞானம் அண்ணை தபால்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி நாலு வருஷம், ஒரே மகன் சிட்னியில். டூட்டிங்கில் தனியாக இருக்கிறார். இடது முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற ஆயிரக்கணக்கான பேரில் அவரும் ஒருவர். மண்டபத்தில் நூறு பேர். தவராசா காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, ஆட்டுக் கறிக் கிடாரத்துக்கு நேரே கோப்பையை நீட்டினார். நல்ல பிரட்டல் கறி. எலும்பு ஒன்று மேலே எட்டிப் பார்த்து அவரை வா என்றது.

கலாவதி அகப்பையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயோ அண்ணை! நீங்கள் மச்சம் விட்டனீங்கள் எல்லே! மறந்துபோனியளோ? உங்களுக்கெண்டு அங்கால மரக்கறி புறம்பா வச்சிருக்கு."

வரிசை திரும்பிப் பார்த்தது. தயாளினி அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்: வாயைத் திறந்தால் மானம் போகும்.

"என்ன நேர்த்தி அண்ணை?" என்றாள் கலாவதி. நூறு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தவராசா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கேக்குக்குப் பக்கத்தில் பொல்லை ஊன்றிக்கொண்டு, காகிதத் தொப்பியோடு ஞானம் அண்ணை இருந்தார். வேறு ஒன்றும் அவர் மூளைக்கு அகப்படவில்லை.

"ஞானம் அண்ணையின்ர காலுக்கு. ஒப்பரேஷன் முடிஞ்சு அவர் நடக்குமட்டும் நான் தொடமாட்டன்."

ஞானம் அண்ணை எழும்பப் பார்த்தார், முடியவில்லை. இருந்த இடத்திலேயே தொப்பியைக் கழற்றிவிட்டு அழத் தொடங்கினார். "கூடப் பிறந்ததுகூட எனக்கு இப்பிடிச் செய்யேல்லை" என்றார். கலாவதியும் அகப்பையோடு அழுதாள். தவராசாவும் அழுதார். அவருடைய கண்ணீர் கிடாரத்துக்கு.

அன்றிலிருந்து தவராசாவின் வாழ்க்கை ஞானம் அண்ணையின் முழங்காலில் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தால் நாற்பது நிமிஷம் சங்கீதம் போடுவார்கள். ரைல் ஒட்டிக்கொண்டே அந்தச் சங்கீதத்தை முணுமுணுக்கிற அளவுக்கு அவருக்கு அது பாடமாகிவிட்டது. நிறையைக் குறைத்தால்தான் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொன்னதும், வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிய நேரே டூட்டிங்குக்குப் போகத் தொடங்கினார். தயாளினியின் பிலாக்காய்க் கறி, சோயாமீற், மகளின் தோல் வறை எல்லாம் டப்பாக்களில் போகும். சாப்பிட்டபின் ஞானம் அண்ணையைக் கையில் பிடித்துப் பூங்காவைச் சுற்றி நடத்துவார். "கெதியா நடவுங்கோ அண்ணை! உங்கட காலில்லை இது, என்ர வயிறு!" என்று உறுக்குவார். ஞானம் அண்ணைக்கு அதில் ஒரே சிரிப்பு. ஆறு கிலோ குறைந்தது. கடிதம் மட்டும் வரவில்லை.

ஏழாம் மாதம் தவராசாவால் ஏலாமல் போய்விட்டது. ஒரு புதன்கிழமை, வேலைக்கு என்று சொல்லிவிட்டு, தெரிந்த முகமே இல்லாத இடமாகப் பார்த்து, ட்ராம் பிடித்துக் குரோய்டனுக்குப் போனார். ஒரு கோழிப் பொரியல் கடை. பெட்டியை வாங்கினார், மூலைக் கதிரையில் இருந்தார், ஒரு காலை எடுத்தார், வாயைத் திறந்தார்.

"தவராசா அண்ணை! நீங்கள் இஞ்ச?"

கவுண்டருக்குப் பின்னால் சீருடையில் நிசாந்தன், கலாவதியின் மருமகன். தவராசா திறந்த வாயை மூடவில்லை. மூடினால் கோழியைக் கடிக்கவேண்டும்.

"உம்மைத் தேடித்தான் தம்பி வந்தனான்."

நிசாந்தனின் முகம் வெளுத்தது. "எப்பிடி அண்ணை உங்களுக்குத் தெரியும்? நான் வீட்டிலகூட ஒருத்தருக்கும் சொல்லேல்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு டிரைவிங் டெஸ்ட். ஆறாந் தரம்!"

"ஓம்," என்றார் தவராசா. வேறு என்ன சொல்ல? "அதுக்குத்தான்."

"அப்ப எனக்காக என்னத்தை விடப்போறியள்?"

விடுவதற்கு அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருந்தது? "முட்டை," என்றார். பெட்டியை நிசாந்தனிடமே நீட்டினார். "இதுவும் உமக்குத்தான் வாங்கினனான்." நிசாந்தன் அதை அவர் கண்முன்னாலேயே எலும்பு வரை தின்று முடித்தான்.

செவ்வாய்க்கிழமை நிசாந்தன் பாஸ். தவராசா கெட்டார். அதற்குப் பிறகு வீட்டு மணி ஓயவில்லை. பிரசாந்தினிக்கு வீட்டுக் கடன் கிடைக்க முட்டை நேர்த்தியை நீட்டித்தார். யாரோ ஒருவருடைய பேத்தி பரீட்சையில் தேற தயிரையும் விட்டார். தேறினாள், சனியன். தயாளினி ஒவ்வொரு தரமும் வாசலில் நின்று புன்னகைத்தாள். முட்டை விலையும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. "பாற்கட்டிக்கும் ஆராவது வரமாட்டினமோ?" என்றாள் ஒருநாள். "என்னைக் கொன்றுபோட்டு உன்ர கடைத் தட்டில அடுக்கி வையன்" என்று கத்திவிட்டு, மனிதர் பச்சைக் கரட் ஒன்றைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

பதினாலாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஞானம் அண்ணை அடுப்படியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். தவராசா டீவி ரிமோட்டைத் தேடிக் கதிரை மெத்தையைத் தூக்கினார். மெத்தைக்குக் கீழே இரண்டு கடிதம், ஆஸ்பத்திரி முத்திரையோடு. முதலாவதில் மார்ச் மாதம் ஒப்பரேஷனுக்குக் குறித்த நாள் இருந்தது. இரண்டாவதில் ஜூன் மாதத்து நாள். இரண்டிலும் பேனையால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஞானம் அண்ணையின் தபால்கந்தோர்க் கையெழுத்து: 'போன் எடுத்துச் சொல்லியாச்சு. இருமல்.' மற்றதில்: 'சிட்னி போறன் எண்டு சொன்னது.'

தவராசா இரண்டு கடிதத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். கோபம் அப்படி.

"அண்ணை! மார்ச்சில நான் ஆட்டுக் கறி திண்டிருக்கலாம்! மார்ச்சில! நான் வாழைத்தோல் திண்டுகொண்டிருக்கிறன், நீங்கள் இருமினீங்களோ?"

ஞானம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"கால் சுகமானா," என்றார், "வெள்ளிக்கிழமையில உமக்கு இஞ்ச என்ன வேலை?"

தவராசா கடிதத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து குந்திக்கொண்டது. பதினாலு மாதமாக வயிற்றில் கிடந்த பொய் தானாக வெளியே வந்தது.

"அண்ணை, நான் உங்கட காலுக்கு நேரவேயில்லை. ஆட்டிறைச்சி விலை கட்டேல்லை. அதைச் சொல்ல வெட்கம். அண்டைக்கு மண்டபத்தில வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னம் நான் கலாவதியின்ர கடைக்குக் கறி சொல்லப் போனனான். உம்மட மனிசி ஒரு பொதியைத் தூக்குறா, விலையைப் பாக்கிறா, வைக்கிறா. திரும்பத் தூக்குறா, வைக்கிறா. பிறகு ஒண்டும் வாங்காமல் போட்டா. எனக்கு அப்பவே விளங்கிற்று."

"பிறகேன் அண்ணை அண்டைக்கு அழுதனீங்கள்?"

ஞானம் அண்ணை கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார்.

"பொய்தான். ஆனா நூறு பேர் இருந்த மண்டபத்தில, பொய்க்கெண்டாலும் நீர் என்ர காலைத்தானே சொன்னனீர்."

தவராசா கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். தேத்தண்ணியைக் குடித்தார். பால் விடாத தேத்தண்ணி. பாலையும் போன மாதம்தான் யாருக்கோ விட்டிருந்தார். குடித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, நாற்பது நிமிஷச் சங்கீதத்தை இரண்டு பேருமாக இருந்து கேட்டு, புது நாள் வாங்கினார். அந்த நாள் ஞானம் அண்ணை இருமவில்லை. தவராசா அவரை ஆஸ்பத்திரிப் படலை வரைக்குமல்ல, கட்டில் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஞானம் அண்ணை பொல்லில்லாமல் கோவிலை மூன்று தரம் சுற்றி வந்தார். அன்று மத்தியானம் அவருடைய வீட்டிலேயே விருந்து. தவராசா மச்சம் தொடுவதைப் பார்க்க வீடு நிறையச் சனம். கலாவதி கறிக் கிடாரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, இருக்கிறதிலேயே பெரிய எலும்பாகப் பார்த்து அவர் கோப்பையில் வைத்தாள். தவராசா கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். எலும்பை எடுத்தார். உதடு வரைக்கும் கொண்டுபோனார்.

பக்கத்துக் கதிரையில் இருந்த ஞானம் அண்ணை, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இந்த வலது காலும் இப்ப கொஞ்சம் நோகிற மாதிரித்தான் கிடக்கு."

தவராசா எலும்பைப் பார்த்தார். ஞானம் அண்ணையைப் பார்த்தார். பிறகு சாப்பிடத் தொடங்கினார். உறிஞ்சினார், கடித்தார், தட்டினார், திரும்பப் போடச் சொன்னார். மூன்று தரம். ஞானம் அண்ணை தன் கோப்பையில் சோற்றை விரலால் அங்குமிங்கும் தள்ளிக்கொண்டு, தலை நிமிராமல் இருந்தார்.

மூக்கு முட்டத் தின்று முடித்ததும் தவராசா எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். துவாயில் துடைத்தார். வீடு நிறைந்த சனத்தின் நடுவில் வந்து நின்று, மண்டபத்தில் சொன்னதைவிடப் பலமாகக் கேட்டார்:

"அண்ணை, எந்தக் கால் எண்டனீங்கள்?"

ஞானம் அண்ணை நிமிர்ந்தார். "வலது," என்றார்.

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. ஞானம் அண்ணையின்ர வலது கால்." திரும்பினார். "கலாவதி, கிடாரத்தை மூடும்."

தயாளினி தலையில் கை வைத்தாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் வைத்தாள். கலாவதி மூடியைத் தேடினாள். ஞானம் அண்ணை கண்ணைத் துடைத்துவிட்டு, முதல் தரமாகச் சோற்றை வாயில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரேக்க," என்றார், "அந்தத் தோல் வறையை மட்டும் கொண்டுவராதையும்."